ஒரு வாரம் உரியும்

சித்தியின் முகம் எங்கள் வீட்டின் பொதுச் சொத்தாக இருந்த ஒரு மாதம் உண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. சந்தாபுராவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள், கன்னடக்காரர்கள். அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் வால்வு செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலை. அம்மா வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக்கொடுத்தாள். சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் படிப்பு முடிந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. வேலைக்கு விண்ணப்பித்தவர்களைப் போனில் கூப்பிட்டு, இன்டர்வியூவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வது அவள் பொறுப்பு. காலையில் கம்பெனி கேப் மெயின் ரோட்டில் வந்து நிற்கும். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சித்தி இறங்கிப் போகும்போது நான் மேலிருந்து கையாட்டுவேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கையாட்டுவாள்.

முகத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டவள் அத்தை, அப்பாவின் அக்கா. ஓசூரில் இருந்தாள். பஸ் ஏறினால் மாநிலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால் அடிக்கடி வருவாள். அப்பாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள் என்ற உரிமை அவளுக்கு உண்டு. அவள் சொன்னால் அப்பா தலையாட்டுவார். அப்பா தலையாட்டினால் அம்மாவும் ஆட்டியாக வேண்டும். சித்திக்கு வரன் கொண்டுவந்ததும் அத்தைதான். கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பம், ஒரே பையன், அத்தையின் கணவருக்குத் தூரத்து உறவு. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதை எங்கள் வீட்டில் பெரிய சலுகையாகப் பேசிக்கொண்டார்கள். தினமும் ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் போய்வருகிற பெண்ணுக்கு விடுதலை என்றாள் அத்தை. சித்தியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சித்தியின் போட்டோ கிருஷ்ணகிரிக்குப் போனது. பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அங்கேதான் அத்தைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. போட்டோ ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்தார். போட்டோவில் இருப்பவளை எதிர்பார்த்து வருகிறவர்கள் முன்னால் போட்டோவில் இருப்பவளைத்தானே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அத்தையின் வாதம். அவள் சித்தியை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் வெயில் பட்ட கறுப்பு. மூக்கின் இரண்டு பக்கமும் புள்ளிகள். கன்னத்தில் சொரசொரப்பு. எல்லாம் செத்துப்போன தோல், அதை எடுத்தால் உள்ளே நல்ல தோல் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். செத்த தோல் என்ற சொல்லை அவள் போனில் பார்க்கிற வீடியோக்களிலிருந்து எடுத்திருந்தாள். எனக்கு அது புதிதாகவும் பயமாகவும் இருந்தது. சித்தியின் முகத்தில் ஏதோ செத்துக் கிடக்கிறது, அது இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அன்று சாப்பிடும்போது நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

பார்லர், கிரீம் எதையும் அத்தை நம்பவில்லை. அடுப்படியில் இல்லாத எதுவும் முகத்துக்குத் தேவையில்லை என்பது அவள் கட்சி. தயிரில் குழைத்த பயத்தமாவில் ஆரம்பித்தது. அது போதாது என்று அரிசி மாவும் கடலைமாவும் வந்தன. பிறகு சர்க்கரையில் எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தார்கள். ஆரஞ்சுத் தோலை மொட்டைமாடியில் காயவைத்து, மிக்ஸியில் அடித்து, சலித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்தார்கள். டிகாக்ஷன் இறங்கியபின் பில்டரில் மிஞ்சுகிற காபித்தூள்கூடத் தேங்காய் எண்ணெயோடு சேர்ந்து சித்தியின் மூக்குக்குப் போனது. அப்பா ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சி, இன்றைக்கு பஜ்ஜியா என்று கேட்பார். கடலைமாவு வாசனை. பஜ்ஜி இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் டிவியைப் போட்டுக்கொள்வார். ஒருநாள் பாத்ரூம் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டது. பிளம்பரோடு மேலே வந்த வீட்டுக்கார அம்மா, குழாயிலிருந்து எடுத்த மாவுக் கட்டியைப் பார்த்துவிட்டு, நாங்கள் வீட்டில் ரகசியமாக கேட்டரிங் நடத்துகிறோமா என்று அம்மாவிடம் கன்னடத்தில் விசாரித்தார். அம்மா தோசை மாவு கொட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

தேய்ப்பதற்கு அத்தை ஒரு முறை வைத்திருந்தாள். கீழிருந்து மேலாக, வட்டவட்டமாக, விரல் நுனியால். வீடியோவில் மெதுவாகத்தான் தேய்த்தார்கள். அத்தையின் கை மாவு பிசைந்து பழகிய கை. சித்தி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, ஹாலில் பாயைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். முகத்தை எங்களிடம் விட்டுவிட்டு அவள் வேறு எங்கோ போய்விட்ட மாதிரி இருக்கும். எரிகிறதா என்று அத்தை எப்போதாவது கேட்பாள். இல்லை என்று உதட்டை அசைக்காமல் சொல்வாள். அத்தை ஊருக்குப் போன நாட்களில் அம்மா தேய்த்தாள். கை மெதுவாக இருந்தாலும் நிறுத்தியதில்லை. பெற்றவள் இல்லாத பெண்ணை அக்கா சரியாகக் கவனிக்கவில்லை என்று பேச்சு வந்துவிடும் என்ற பயம் அம்மாவுக்கு இருந்தது. தேய்த்து மிஞ்சியதை என் முகத்திலும் பூசிவிடுவார்கள். சர்க்கரை நாட்கள் எனக்குப் பிடிக்கும். நாக்கு எட்டுகிற தூரம்வரை நக்கிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. அதற்கு முந்தைய புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. சித்தியும் லீவு போட்டிருந்தாள். எனக்கு ஷூ வாங்கித் தருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னை எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு. மேம்பாலம் ஆரம்பிக்கிற இடத்தைத் தாண்டி இறங்கினோம். ஷூ கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஏசி குளிர். சுவர் முழுக்கப் பெண்களின் முகங்கள். ஒவ்வொரு முகமும் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி கறுப்பாகவும் மறு பாதி வெளுப்பாகவும் இருந்தது. இரண்டு பேரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா சித்தியின் முகத்தை ஒரு விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். வீட்டில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆரஞ்சுத் தோலுக்கு வரும்போது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பயத்தமாவும் தயிரும் மெதுவாகப் போட்டால் ஒன்றுமில்லை. சர்க்கரையும் எலுமிச்சையும் இப்படித் தினமும் தேய்த்தால் முகம் தாங்காது, ஏற்கெனவே சிவந்துபோயிருக்கிறது, கொஞ்ச நாள் எதுவுமே செய்யாமல் விட்டாலே தெளிந்துவிடும் என்றார். பிறகு, பீல் செய்துதான் ஆக வேண்டுமென்றால் லேசானது போதும் என்றார். பீல் என்றால் முகத்தில் ஒரு மருந்துத் தண்ணீரைத் தடவி மேல் தோலைக் கழற்றுவது என்று எனக்குப் புரிந்தது.

லேசானதைச் செய்தால் தோல் உரியுமா என்று சித்தி கேட்டாள்.

வெளியே தெரிகிற மாதிரி உரியாது, மறுநாளே ஆபீஸ் போகலாம் என்றார் டாக்டர். அப்படியானால் அதற்கு அடுத்தது செய்யுங்கள் என்றாள் சித்தி. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் உரியாமல் செய்ய முடியுமா என்றுதான் கேட்பார்கள் என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். இன்னும் ஒருமுறை கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நடுத்தரமானது ஒன்றுக்கு டாக்டர் ஒத்துக்கொண்டார்.

மருந்தைத் தடவியது நீல உடுப்புப் போட்ட ஒரு அக்கா. முதலில் கன்னடத்தில் பேசினாள். "ஸ்வல்ப உரியுத்தே, ஓகேனா?" என்றாள். கன்னடத்தில் அதற்குக் கொஞ்சம் எரியும் என்று அர்த்தம். தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் உரியும் என்று கேட்கும். இரண்டும் நடக்கத்தான் போகிறது என்பதால் யாரும் யாரையும் திருத்தவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டபின் அந்த அக்காவே தமிழுக்கு மாறிக்கொண்டாள். ஒரு வாரம் உரியும், பார்க்க நன்றாக இருக்காது, பிய்க்கக் கூடாது, வெயில் கூடாது, பவுடர் கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இந்த வாரம் வீட்டில் ஃபங்ஷன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்றாள் சித்தி.

எனக்கு அவள் மறந்துவிட்டாள் என்று தோன்றியது. பெரியவர்கள் மறக்கிற விஷயங்களை ஞாபகப்படுத்துவதில் எனக்கு அப்போது ஒரு பெருமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்காரர்கள் வருகிறார்களே என்றேன்.

சித்தி கண்ணை மூடியபடியே, "அது ஃபங்ஷன் இல்ல பாப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தார்கள். சித்தியின் கால் விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி விரிந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அவள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டாள். ஷூ வாங்கினோம். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன் வாங்கிக்கொடுத்தாள். துப்பட்டாவை விலக்கி விலக்கி அவளும் சாப்பிட்டாள். தலைக்கு மேலே வண்டிகள் போகிற சத்தத்தில் நாங்கள் கத்திக் கத்திப் பேசினோம். அந்த மாதத்தில் அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. கிளினிக்குக்குப் போனதைச் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. அதனால் அது ரகசியம் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புது ஷூவைப் பற்றித்தான் பேசினேன்.

வியாழக்கிழமை முகம் பொரிக்காத அப்பளம் மாதிரி இழுத்துப்பிடித்திருந்தது. சிரித்தால் வாயோரத்தில் கோடு விழுந்தது. அம்மா கேட்டதற்கு அசதி என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கோட்டிலிருந்து தோல் கிளம்பியது; சித்தி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டாள். மத்தியானம் அத்தை கனிந்த பப்பாளி ஒன்றோடு ஓசூரிலிருந்து வந்து இறங்கினாள். கடைசி மெருகுக்குப் பப்பாளி. சித்தியைப் பார்த்ததும் அதை நாற்காலியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஆரஞ்சுத் தோல் சரியாகக் காயவில்லை என்று அம்மாவைக் கடிந்துகொண்டாள். பிறகு தயிர் புளித்திருக்கும் என்றாள். அதற்குமேல் அம்மா திட்டு வாங்குவது பொறுக்காமலோ என்னவோ, சித்தி தானே சொல்லிவிட்டாள். கிளினிக்குக்குப் போனேன், பீல் செய்துகொண்டேன்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேராசை என்றாள் அத்தை. இருந்த முகம் போதாமல், இன்னும் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்ற அவசரம். ஆபீஸில் கூட வேலை செய்கிற பெண்கள் ஏற்றிவிட்டிருப்பார்கள். அப்பா ஷிப்டிலிருந்து வந்ததும் அவரிடமும் இதே விளக்கம் சொல்லப்பட்டது, அவரும் ஏற்றுக்கொண்டார். அம்மா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு பெண் அழகுக்கு ஆசைப்பட்டு முகத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்பதை நம்ப யாருக்கும் சிரமமே இருக்கவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியும் என்று அந்த ஹாலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லா வசைக்கும் சித்தி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வசை கொஞ்சம் அடங்கியபோது, சரி, ஒரு பதினைந்து நாள் தள்ளி வரச்சொல்லலாமே என்று மெதுவாகச் சொன்னாள். அம்மாவும் அதுதான் சரி என்றாள். அப்பா போனைக் கையில் எடுத்தார்.

அத்தை போனை வாங்கி வைத்துவிட்டாள். நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்டால் தள்ளிக்கொண்டே போகும், அதற்குள் அவர்களுக்கு வேறு இடம் வந்துவிடும் என்றாள். அப்போது அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

"அவங்க என்ன முகத்தப் பாக்கவா வராங்க? குடும்பத்தப் பாக்க வராங்க."

ஒரு மாதம் மாவும் தயிரும் வாங்கிக்கொண்ட அந்த முகம் அதைக் கேட்டு நிமிர்ந்தது. சித்தி அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் கேட்டால் புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதாகப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நான் பக்கத்து அறையில் ஷூவைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உரிதல் உச்சத்துக்கு வந்திருந்தது. கன்னத்திலும் மோவாயிலும் தோல் சின்னச் சின்ன இதழ்களாக நின்றது. அத்தை தேங்காய் எண்ணெய் தடவி அதைப் படியவைத்தாள். மேலே காம்பாக்ட் பவுடரை ஒற்றினாள். எண்ணெயும் பவுடரும் சேர்ந்து ஒவ்வொரு இதழையும் வெள்ளையடித்து எடுத்துக்காட்டின. மழைக்குப் பிறகு சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் மாதிரி இருந்தது. துடைத்தால் இன்னும் உரிந்தது. கடைசியில் அப்படியே விட்டுவிட்டு, ஹாலில் டியூப்லைட்டைப் போட வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அவர்கள் காரில் வந்தார்கள். பையன், அவனுடைய அம்மா, கூட ஒரு பெரியவர். பையனின் அம்மா பருமனானவர். முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக நின்று ஏறி வந்தார். கையில் ஒரு பையில் பழமும், வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரமும் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னை அருகே கூப்பிட்டு எந்தக் கிளாஸ் என்று விசாரித்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. பையன் சுவரோரமாக உட்கார்ந்து வடையைச் சாப்பிட்டான். பெரியவர் அப்பாவிடம் வால்வுகளைப் பற்றி ஹார்டுவேர்க்காரர்களுக்கே உரிய அக்கறையோடு பேசினார்.

சித்தி பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்தாள். பையன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமாகத் தரையைப் பார்த்தான். அவனுடைய அம்மா மட்டும் பார்வையை எடுக்கவில்லை. என்னம்மா முகத்துக்கு என்று கேட்டார். புதுச் சோப்பு ஒன்று, ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தை முந்திக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தன் உழைப்பு யாருக்கும் தெரியாமல் போவதில் அத்தைக்கு மனமில்லை. பெண்ணின் முகம் இயற்கையிலேயே நல்ல முகம், வாராவாரம் பயத்தமாவு, ஆரஞ்சுத் தோல், காபித்தூள் என்று வீட்டுப் பொருளிலேயே பராமரிக்கிறோம், அந்தப் பாழாய்ப்போன சோப்பு வந்துதான் கெடுத்தது என்று விளக்கினாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தன் மூத்தார் மருமகளுக்கும் ஒருமுறை இப்படிச் சோப்பில் வந்தது என்றார். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, இவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நீயும் அந்தச் சோப்புத்தான் போடுகிறாயா என்று வேடிக்கையாகக் கேட்டார்.

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி. விஷயம் முழுவதும் எனக்குத் தெரியும் என்பதில் இன்னும் மகிழ்ச்சி.

"சோப்பு இல்ல. சித்தி பீல் பண்ணிக்கிட்டாங்க. ஒரு வாரம் உரியும்னு அந்தக்கா சொன்னாங்க. ஃபங்ஷன் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாங்க. சித்தி இல்லன்னு சொன்னாங்க. டாக்டர் உரியாததும் இருக்குன்னாங்க, சித்திதான் உரியறது வேணும்னாங்க."

ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னதாக எனக்குத் திருப்தி. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒப்பித்தால் டீச்சர் தட்டிக்கொடுப்பார். இங்கே யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. குழந்தை ஏதோ உளறுகிறது என்று அத்தை சிரிக்க முயன்றாள். அம்மா சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை முதல் அந்த முகத்தில் பேராசையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, இப்போது அங்கே வேறு எதையோ பார்த்தாள் என்று நினைக்கிறேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சித்தியைத் தன் எதிரில் உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தாமல், விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"உனக்கு இதுல இஷ்டம் இருக்காம்மா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. நாங்க காபி குடிச்சிட்டுக் கெளம்பிடுவோம். ஒண்ணும் தப்பில்ல."

சித்தி அத்தையைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபோது உதட்டோரத்தில் தோல் பிரிந்தது.

"இல்லம்மா. எனக்கு வேலைய விட இஷ்டமில்ல."

அத்தை நடுவில் பேச வந்தாள். அந்த அம்மாள் கையை லேசாகத் தூக்கினார். அவ்வளவுதான், அத்தை நிறுத்திக்கொண்டாள். சொன்னபடியே அவர் மிச்சக் காபியைக் குடித்தார். தட்டிலிருந்த வடையையும் எடுத்துப் பாதி சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். அது மரியாதைக்குச் சொன்னதாக இருக்கலாம். எழுந்திருக்கும்போது அந்த மல்லிகைச் சரம் கையில் தட்டுப்பட்டது. அதை என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்தவர், என்னைத் திருப்பி நிறுத்தி என் இரட்டைப் பின்னலில் இப்படியும் அப்படியுமாகச் சுற்றிவிட்டார். நான்தான் அவரைக் கைபிடித்துப் படியில் இறக்கிக்கொண்டு போனேன். அம்மாவும் பின்னால் வந்தாள். கீழ்ப்படியில் நின்று மூச்சு வாங்கியபோது அந்த அம்மாள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"பொண்ணத் திட்டாதம்மா. எங்க பையனயும் நான் இன்னும் கேக்கல. கார்ல போறப்பதான் கேக்கணும்."

பையன் அதற்குள் காரின் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டிருந்தான். அவன் என்ன பதில் சொன்னான் என்பது எங்களுக்குத் தெரியவரவில்லை.

மேலே வந்தபோது அத்தை பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். என் தலையில் பூவைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. உனக்கு எதற்கு இது என்று பிடித்து உருவினாள்; பின்னலும் சேர்ந்து அவிழ்ந்தது. நான் அழுதேன். வந்தவர்களிடம் நன்றாக நடந்துகொண்டதற்குப் பரிசாகக் கிடைத்த பூ என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை அன்று மாலையே ஓசூருக்குப் போய்விட்டாள். பிறகு தீபாவளிவரை வரவில்லை. அப்பா அவளுக்குப் போன் செய்து செய்து ஒருவழியாகச் சமாதானம் ஆனது. அதற்குப் பிறகு சித்தியின் முகத்தைப் பற்றி அவள் பேசவில்லை; பேச்சை என் முகத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

சித்தியின் தோல் உரிந்து முடிந்தது. கிளினிக்கில் சொன்ன மாதிரி வெயில் படாமல் பார்த்துக்கொண்டாள். அவசரப்பட்டுத் தடவிய பவுடரால் மோவாயில் ஒரு திட்டு மட்டும் சில காலம் இருந்து மறைந்தது. நிறம் ஒன்றும் மாறவில்லை. பழைய முகமே கொஞ்சம் வழவழப்பாகத் திரும்பி வந்தது. அவள் அதே கம்பெனியில் தொடர்ந்தாள். சில வருஷங்கள் கழித்து, தானே பார்த்து, தானே சொல்லி, ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் அம்மா கொஞ்சம் பயத்தமாவைத் தயிரில் குழைத்துக்கொண்டு போய், போடட்டுமா என்று கேட்டாள். சித்தி போடு என்றாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றி. அத்தை பையை அடைத்துக்கொண்டிருந்தபோது சித்தி பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். உள்ளே குழாய் திறந்து தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பக்கெட் நிரம்பித் தரையில் வழிகிற சத்தமும் கேட்டது. அம்மா கதவுக்கு வெளியே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்கிறாள் என்று அத்தை ஹாலிலிருந்து கேட்டாள். முகம் கழுவுகிறாள் என்றாள் அம்மா. சிறிது நேரம் கழித்து அப்பா வந்து நின்றார். அவரிடமும் முகம் கழுவுகிறாள் என்றாள். கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா டேங்க் காலியாகிறது என்று குரல் கொடுத்தபோது, அம்மா எட்டிப் பார்த்து, முகம் கழுவுகிறாள், இப்போது முடிந்துவிடும் என்று கன்னடத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் கதவில் சாய்ந்துகொண்டாள். தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் அவ்வளவு கண்டிப்பான அம்மா அன்று குழாயை மூடச் சொல்லவில்லை. அவிழ்ந்த பின்னலோடு நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முகத்தை அத்தனை நேரம் கழுவ வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள் அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் தோழிகளுக்கு பீல் என்றால் என்ன என்று விளக்கினேன். மருந்துத் தண்ணீர், மின்விசிறி, அப்பளம் மாதிரி ஆவது, பிறகு இதழ் இதழாக உரிவது எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் முகத்தை ரொம்ப நேரம் கழுவ வேண்டும் என்றும், கழுவி முடிக்கிறவரை வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும் என்றும், அதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்றும் சொல்லி முடித்தேன்.